சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை: அது பிடிவாதம் இல்லை

சகோதரி, அப்பாவுக்கு டிவி சத்தம் கேட்கிறது, பேரன் பேசுவது மட்டும் புரியவில்லை, கடைத்தெருவில் வாங்கிய, காதில் வைக்கும் சின்ன மிஷினையும் கழற்றி எறிந்துவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவரைத் திட்டாதீர்கள். வயதானால் பெரும்பாலும் கீச்சுக் குரலும் ச, த, க மாதிரி மெல்லிய ஒலிகளும்தான் முதலில் போகும். என் அம்மா சட்டி கேட்டால் தட்டு எடுத்து வருவார், நாங்கள் இரண்டு வருஷம் மறதி என்றே நினைத்துவிட்டோம். அந்த மலிவு மிஷின் எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கூட்டிவிடும், ரங்கூனில் கரண்ட் போனதும் தெருவெல்லாம் ஜெனரேட்டர் ஓடும்போது அதைக் காதில் வைத்துக்கொண்டு எப்படி இருப்பார்?

முதலில் காது மூக்கு தொண்டை டாக்டர். வெறும் குறும்பியாகக்கூட (காது அழுக்கு) இருக்கலாம், நீங்களே குச்சி விடாதீர்கள். அப்புறம் செவித்திறன் சோதனை, அதன் வரைபடத்துக்கு ஏற்ப அமைத்த கருவிதான் உதவும். அதுவும் பழக சில வாரம் ஆகும், வீட்டுக்குள் தினம் கொஞ்ச நேரம் போடட்டும். பேசும்போது கத்தாமல், முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள்.

ஒன்று மட்டும்: ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் அன்றைக்கே ஓடுங்கள், அதற்கு நாள் கடத்தவே கூடாது.