பனானா என்ற எருது

அன்புள்ள ஐயா,

ஈழத் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்காக நான்கு வருடம் விடாமல் போராடிய ஆஸ்திரேலிய ஊர் பிலோயீலா என்று எழுதியிருந்தீர்கள். அது எப்படிப்பட்ட ஊர்? நம்மவர்கள் நிறைய இருக்கிறார்களா? இல்லை, போராட்டக்காரர்களின் ஊரா?

— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் இல்லை. குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், கிளாட்ஸ்டோன் துறைமுகத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. ஆறாயிரம் பேர்கூட இல்லை. உள்ளூர்க்காரர்களுக்கு வெறும் ‘பிலோ’.

அது இருக்கும் வட்டாரத்துக்குப் பெயர் பனானா. வாழைத்தோப்பைத் தேட வேண்டாம், அது ஒரு எருதின் பெயர். வெளிறிய மஞ்சள் நிற உழைப்பு மாடு. பட்டிக்குள் வர மறுக்கும் முரட்டு மாடுகளுக்கு நடுவில் அதை விடுவார்களாம். அது முன்னால் நடக்க, மற்றவை பின்னாலேயே வந்து அடைபடுமாம். நம் கும்கி யானை மாதிரிதான். அது செத்த ஓடைக்கு அதன் பெயர், பிறகு ஊருக்கு, பிறகு வட்டாரத்துக்கே. சிலையும் வைத்திருக்கிறார்கள்.

பிலோ 1920-களில் பருத்தியை நம்பிக் குடியேறிய ஊர். அப்புறம் பக்கத்திலுள்ள கலைட் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கமும் அனல்மின் நிலையமும் வந்தன. 2021 மே மாதம் அங்கே ஒரு டர்பைன் வெடித்தபோது மாநிலம் முழுக்க நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. ஊர் சின்னதுதான், ஆனால் ஸ்விட்ச் அங்கே இருக்கிறது!

மூன்றாவது பிழைப்பு மாட்டிறைச்சி ஆலை. உள்ளூர் ஆட்கள் போதாமல் வெளியிலிருந்து வருகிறவர்களை நம்பி ஓடும் வேலை. அந்தக் குடும்பத்தின் அப்பா அங்கேதான் வேலை பார்த்தார். அம்மா ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குக் குழம்பு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். 2018 மார்ச் 5 விடியற்காலையில் குடியேற்றத் துறை அதிகாரிகள் வந்து அப்பா, அம்மா, இரண்டு சிறு பெண்கள் என நால்வரையும் கூட்டிப்போனபோது, ஊர்க்காரர்களுக்கு அது ‘அகதிப் பிரச்சினை’யாகத் தெரியவில்லை. தெரிந்த வீடு ஒன்று காலியாகிவிட்டது, அவ்வளவுதான். அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் மனு எழுதினார்கள். 2019-இல் நாடு கடத்தக் கிளம்பிய விமானம் நீதிமன்றத் தடையால் வட ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கியது. பிறகு இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில் காவல்.

இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று உண்டு. குடும்பத்தைப் பிடித்துக்கொண்டுபோன அரசாங்கத்தின் கூட்டணியே 2022 தேர்தலிலும் பிலோ இருக்கும் ஃபிளின் தொகுதியில் ஜெயித்தது. ஓட்டு வேறு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேறு என்று அவர்கள் வைத்திருந்தார்கள் போல. கொள்கைப் பிடிப்பால் அந்த ஊர் போராடியது என்று இங்கே சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை.

நாட்டில் ஆட்சி மாறி, 2022 ஜூன் 10 அன்று அவர்கள் ஊர் திரும்பினார்கள். இரண்டொரு நாளில் இளைய மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். முதல் நான்கும் காவலில்தான் வந்துபோயின. இது பிலோவில்.