மாஸ்க் மாட்ட எத்தனை வினாடி? தீயணைப்புப் பயிற்சி: கேள்வி பதில்

தீயணைப்புத் துறையில் நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடைசி சில ஆண்டுகள் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தேன். கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, பத்தாவது படித்தால் போதுமா? எப்படிச் சேருவது? (விருத்தாசலத்திலிருந்து ஒருவர்)

போதும் தம்பி. சீருடைப் பணியாளர் தேர்வாணையம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர் வேலைகளோடு சேர்த்து நடத்தும் தேர்வுதான். எழுத்துத் தேர்வோடு ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாம் உண்டு. இன்றே ஓட ஆரம்பியுங்கள். தேர்வு தேதி அறிவித்த பிறகு ஓடினால் முழங்கால்தான் போகும்.

நாக்பூரில் ஒரு கல்லூரி இருக்கிறதாமே?

தேசிய தீயணைப்புக் கல்லூரி. 1956-ல் உத்தரப் பிரதேசத்து ராம்பூரில் தொடங்கி, அடுத்த ஆண்டே நாக்பூருக்கு வந்தது. அதிகாரிகளுக்கான பயிற்சிகளும் உண்டு, தீப்பொறியியல் பட்டப்படிப்பும் உண்டு. ஊருக்கு ஊர் இருக்கும் தனியார் டிப்ளமோவில் சேருவதாக இருந்தால், பணம் கட்டும் முன் அங்கீகாரத்தை விசாரித்துவிடுங்கள்.

பயிற்சியில் எது ரொம்பக் கஷ்டம் ஐயா?

ஏணி, ஹோஸ், பம்ப் டிரில் எல்லாம் உடம்பு வலிதான், ஒரு வாரத்தில் பழகிவிடும். பி.ஏ. செட் என்ற மூச்சுக் கருவி அப்படியில்லை. முதுகில் காற்று சிலிண்டர், முகத்தில் மாஸ்க். இருட்டறையில் புகையை நிரப்பி உள்ளே அனுப்புவோம். வெளியே சிங்கம்போல் நின்ற பையன் உள்ளே போனதும் மூச்சு வாங்க ஆரம்பித்து, மாஸ்க்கைப் பிடுங்கிப்போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவனைத் திட்டக் கூடாது. மறுநாளும் அதே அறைக்குள் அனுப்ப வேண்டும், நாமும் கூடவே போக வேண்டும்.

கணக்கு இதுதான். 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தம் என்றால் சுமார் 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 45 நிமிடம் வரும். பதறி மூச்சு வாங்குகிறவனுக்கு இதில் பாதி நேரம்கூடத் தாங்காது. அழுத்தம் சுமார் 55 பாருக்கு இறங்கியதும் விசில் அடிக்கும். அதற்குப் பிறகு கிளம்பலாம் என்று இருப்பவன் வழியில் மாட்டிக்கொள்வான். விசில் அடிக்கும்போது வாசலுக்கு வந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, இருட்டில் சுவரைப் புறங்கையால்தான் தடவிப் போக வேண்டும். மின்சாரக் கம்பி பட்டால் விரல்கள் உள்பக்கமாக மடங்கும். உள்ளங்கை பட்டிருந்தால் கம்பியைப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் விலகிவிடும்.

என் கணவருக்குப் பதினைந்து வருட சர்வீஸ். இன்னும் டிரில் எதற்கு என்கிறார்.

அவரிடம் இப்போதே மாஸ்க்கை மாட்டச் சொல்லுங்கள் அம்மா, எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுங்கள். என் நிலையத்தில் ஒரு நிமிடத்தைத் தாண்டினால் மறுபடியும் செய்யச் சொல்வேன், என்னையும் சேர்த்துத்தான். கை மறந்துவிடும். நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் அப்படித்தான்: 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை என்று வாயால் சொல்வார்கள், ஆனால் பழகாமல் விட்டால் சில மாதங்களிலேயே ஆழம் குறைந்துவிடும். அப்புறம், நாங்கள் சேர்ந்த காலத்தில் பேட்டரி ஸ்கூட்டர் ஏது? லித்தியம் பேட்டரித் தீ அணைந்ததுபோல் இருந்து, மணிக்கணக்கு கழித்துத் திரும்ப எரியும். பழைய அனுபவம் அங்கே கைகொடுக்காது.

ஏப்ரல் 14-ஐத் தீயணைப்புப் பணி நாளாக ஏன் வைத்தார்கள்?

1944-ல் அன்றுதான் பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டைக்கின்’ கப்பல் வெடித்தது. பஞ்சு மூட்டைகளோடு வெடிமருந்தும் ஏற்றியிருந்தார்கள். தீயை அணைக்கப் போன 66 வீரர்கள் இறந்தார்கள். எந்தக் கிடங்குக்குப் போனாலும் முதல் கேள்வி ‘உள்ளே என்ன இருக்கிறது?’ என்று நான் சொல்லிக்கொடுத்ததற்கு அவர்கள்தான் காரணம்.

ஐயா, எங்கள் ஊரில் கிணற்றிலோ செப்டிக் டேங்கிலோ யாராவது மயங்கி விழுந்தால் நாங்களே இறங்கித் தூக்கலாமா?

இறங்கவே கூடாது தம்பி. ஒருவர் மயங்கி விழுவார், அண்ணன் இறங்குவார், அவரைத் தூக்கப் பக்கத்து வீட்டுக்காரர் இறங்குவார். ஒரே குழியிலிருந்து மூன்று பேரை மேலே ஏற்றியிருக்கிறேன். மூவருமே உயிரோடு இல்லை. முதலில் இறங்கியவருக்காவது தெரியாது. மற்ற இருவரும் பாசத்தால் போனார்கள். அழுகல் வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைட் அதிகமானால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. ‘வாடை இல்லையே’ என்று நம்பி இறங்காதீர்கள். மூக்கில் ஈரத்துணி கட்டுவதால் ஒன்றும் ஆகாது, அங்கே ஆக்சிஜனே இருக்காது.

ஆட்களை விலக்குங்கள், பக்கத்தில் பீடி பற்றவைக்க விடாதீர்கள். 101 அல்லது 112-ஐக் கூப்பிடுங்கள். சொல்லும்போதே ‘தொட்டிக்குள் ஆள் மயங்கிக் கிடக்கிறார்’ என்று சொல்லிவிடுங்கள். வழியிலேயே பி.ஏ. செட்டை முதுகில் மாட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள்.