சேதுபதிகளின் தலைநகர்: கேட்டவர்களுக்குப் பதில்

ராமநாதபுரம் அரண்மனை, கோட்டை, இந்தச் சீமையை ஆண்ட சேதுபதிகள் பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். எந்தக் குலம் பெரியது என்ற கேள்விகளை மட்டும் எடுத்து வைத்துவிட்டேன், அதற்கு நான் ஆள் இல்லை.

கேள்வி (பரமக்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி): சார், தலைநகரம் என்றால் மதுரையையும் தஞ்சாவூரையும்தான் சொல்கிறார்கள். நம்ம ராமநாதபுரத்தில் அப்படிப் பார்க்க என்னதான் இருக்கிறது?

ராமலிங்க விலாசம் இருக்கிறதே அம்மா. அரண்மனை வாசல் கடைவீதியில் துணி எடுக்க வந்து, உள்ளே எட்டிப் பார்க்காமலே திரும்புகிறவர்கள்தான் நம் ஊரில் அதிகம். அதைக் கட்டியவர் கிழவன் சேதுபதி, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். இப்போது மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில், அருங்காட்சியகமாக இருக்கிறது.

வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. உயரமான மேடை, படிகள், கனத்த தூண்கள், அவ்வளவுதான். உள்ளே போய் கண் இருட்டுக்குப் பழகியதும் சுவர், வளைவு, விதானம் என்று எங்கே பார்த்தாலும் ஓவியம். கிழவனுக்கு அடுத்து வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை. ராமாயணம், கண்ணன் கதை, தஞ்சாவூர் மராட்டியரோடு நடந்த சண்டை, தொப்பி போட்ட ஐரோப்பியர்களுக்குத் தர்பாரில் வரவேற்பு, பெண்களின் உடல்களையே பின்னி யானையாக்கி அதில் மன்மதனை ஏற்றிவிட்ட குறும்பு, எல்லாம் உண்டு.

நான் எப்போதும் நின்று பார்ப்பது இரண்டு காட்சிகளை. ஒன்றில் மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர், சேதுபதிக்கு ரத்தினங்களைச் சொரிந்து ரத்தினாபிஷேகம் செய்கிறார். இன்னொன்றில் ராஜராஜேஸ்வரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் கொடுக்கிறாள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சேதுபதி பட்டமே மதுரை நாயக்கர் 1605 வாக்கில் சடைக்கத் தேவருக்குக் கொடுத்து வந்ததுதான். ஆனால் நூறு வருஷத்துக்குள் நிலைமை மாறிவிட்டது. 1702-ல் ராணி மங்கம்மாளின் படையையே கிழவன் தோற்கடித்துவிட்டார். அதற்குப் பிறகு வரைந்த சுவரில் மதுரைக்காரர் மரியாதை செய்கிறார், அதிகாரத்தைத் தருகிறவளோ அம்மன். பழைய எஜமானரைப் பகைத்துக்கொள்ளவும் இல்லை, அவர் தயவில் இருப்பதாக ஒப்புக்கொள்ளவும் இல்லை. அரசியல் அறிக்கை என்றால் இதுதான்! வழிகாட்டிகள் இதைத் தாண்டி நேராகப் பீரங்கிக்குக் கூட்டிப் போய்விடுவார்கள்.

கேள்வி (சத்திரக்குடி வாசகர்): முதலில் தலைநகர் எங்கள் பக்கத்தில் இருந்த போகலூர் என்கிறார்களே, உண்மையா? ஏன் மாற்றினார்கள்?

உண்மைதான். சடைக்கத் தேவரிலிருந்து திருமலை சேதுபதி வரை எல்லாரும் போகலூரில் இருந்துதான் ஆண்டார்கள். ராமநாதபுரத்துக்கு மாற்றி, கோட்டை கட்டி, அகழி வெட்டியவர் கிழவன்.

ஏன் என்பதற்கு என் கணிப்பைச் சொல்கிறேன். போகலூர் மதுரைச் சாலையில் இருக்கிறது. மதுரைக்குக் கட்டுப்பட்டு இருக்கும்வரை அது வசதி, எதிர்த்து நிற்க முடிவெடுத்தால் ஆபத்து. அந்த ஆபத்து என்னவென்று 1639 வாக்கிலேயே பட்டுத் தெரிந்துகொண்டார்கள். மதுரைத் திருமலை நாயக்கரின் படைத்தலைவர் ராமப்பய்யன் படையோடு வந்து, அப்போது ஆண்ட தளவாய் சேதுபதியை ராமேஸ்வரம் தீவு வரை துரத்திப் பிடித்துப் போனார். அதைத்தான் ராமப்பய்யன் அம்மானை என்ற கதைப்பாட்டு பாடுகிறது. இரண்டாவது காரணம் கடல். சேதுபதியின் வேலையே சேதுவுக்குப் போகும் யாத்திரிகர்களையும் அந்த வழியையும் காப்பது. வருமானத்துக்கு முத்து, சங்கு, துறைமுகச் சுங்கம். ராமநாதபுரத்தில் உட்கார்ந்தால் தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம் மூன்றும் கைக்கெட்டும் தூரம். அரண்மனையை மட்டும் பார்த்துவிட்டு இந்தத் தலைநகரைப் புரிந்துகொள்ள முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். கடற்கரையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி (மதுரை வாசகி): பிள்ளைகளோடு ஒரு நாள் வருகிறோம். எந்த வரிசையில் பார்க்கலாம் அண்ணா?

வெயிலுக்கு முன்னால் உத்தரகோசமங்கை. மரகத நடராஜருக்கு ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புதான், மார்கழி ஆருத்ராவுக்கு மட்டுமே களைவார்கள் என்பதால் மற்ற நாளில் போய் ஏமாற வேண்டாம், கோயிலுக்காகவே போங்கள். அப்புறம் ராமலிங்க விலாசம், உச்சி வெயிலில் அங்கே குளுமையாக இருக்கும். திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பிற்பகல் திருப்புல்லாணி, அங்கிருந்து சேதுக்கரை, கடைசியில் கீழக்கரை. கீழக்கரையில் தொதல் வாங்காமல் வராதீர்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து, எண்ணெய் பிரிந்து கறுப்பாகச் சுருண்டு வரும்வரை கிண்டி எடுப்பது. பிள்ளைகளுக்கு மூன்று சேதுபதி பெயர் மறந்தாலும் அது மறக்காது.

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): கட்டபொம்மன், கலெக்டர் ஜாக்சன் சந்திப்பு நடந்தது இந்த அரண்மனையில்தானா?

இதே ராமலிங்க விலாசத்தில்தான், 1798 செப்டம்பரில். குற்றாலம், சொக்கம்பட்டி, சேத்தூர் என்று ஊர் ஊராக அலையவிட்டு, கடைசியில் இங்கே வரச் சொல்லி, உட்காரவும் விடாமல் விசாரித்தார் ஜாக்சன். வெளியேறும்போது நடந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் செத்தார். கட்டபொம்மன் தப்பிவிட்டார், அவருடைய அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளை மாட்டிக்கொண்டார். பின்பு கிழக்கிந்தியக் கம்பெனி வைத்த விசாரணையில் ஜாக்சன் மேல்தான் தப்பு என்று முடிவாகி அவர் பதவி போயிற்று. ஆனால் அந்த நியாயம் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள்.

அரண்மனை அப்போது யார் கையில் என்று யாரும் கேட்பதில்லை. சேதுபதி இருந்தாரா? இல்லை. அடுத்த கேள்வியில் வருகிறது.

கேள்வி (சிவகங்கை வாசகர்): அவ்வளவு பலமாக இருந்தவர்கள் எப்படிக் கம்பெனியிடம் நாட்டை விட்டார்கள்? எங்கள் ஊர்போல எதிர்த்து நிற்கவில்லையா?

உங்கள் ஊரும் எங்கள் ஊரும் 1730 வாக்கு வரை ஒரே சீமைதான் தம்பி. வாரிசுச் சண்டையில் ஐந்து பங்காகப் பிரித்து, மூன்று ராமநாதபுரத்துக்கும் இரண்டு உங்கள் சிவகங்கைச் சசிவர்ணத் தேவருக்கும் போனது. நம் பலம் குறைந்த கதை அங்கேயே ஆரம்பம்.

1772-ல் ஆற்காட்டு நவாபின் மகனும் ஜெனரல் ஸ்மித்தும் கோட்டையைப் பிடித்தார்கள். அப்போது பட்டத்தில் இருந்த முத்துராமலிங்க சேதுபதிக்குப் பன்னிரண்டு வயது வாக்கில்தான் இருக்கும். அம்மா ராணியோடு சேர்த்துத் திருச்சியில் சிறை வைத்தார்கள். அடுத்துத்தான் அதே படை காளையார்கோவிலுக்குப் போய் உங்கள் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றது. சில ஆண்டுகள் கழித்து, மக்கள் அடங்காததால் முத்துராமலிங்கரை விடுவித்துத் திரும்ப உட்கார வைத்தார்கள். வந்தவர் சும்மா இருக்கவில்லை. துணி, பருத்தி வியாபாரத்தில் கம்பெனிக்குச் சலுகை கொடுக்க மறுத்தார், பீரங்கி வார்த்தார். 1795 பிப்ரவரியில் மறுபடி பிடித்தார்கள். இந்த முறை விடவில்லை. 1809-ல் சென்னையில் கைதியாகவே இறந்தார். 1803-ல் அவர் சகோதரி மங்களேஸ்வரி நாச்சியாரிடம் சீமையை ஜமீனாக ஒப்படைத்தார்கள், அதோடு அரசு முடிந்தது.

எதிர்க்கவில்லை என்று சொல்வதற்கு முன் அவர் சிறையில் கழித்த வருஷங்களைக் கூட்டிப் பாருங்கள். அவருக்குப் பாட்டு இல்லை, கூத்து இல்லை, அதனால் பேர் இல்லை.

கேள்வி (கீழக்கரைச் சகோதரி): எங்கள் வள்ளல் சீதக்காதிக்கும் அரண்மனைக்கும் என்ன தொடர்பு? கோட்டை கட்டவே அவர்தான் பணம் கொடுத்தார் என்று வாப்பா சொல்வார்.

கோட்டை கட்ட உதவினார் என்பது வழிவழியாகச் சொல்லி வருவது, உங்கள் வாப்பா மட்டும் சொல்லவில்லை. சந்தேகமே இல்லாதது கிழவன் சேதுபதி, சீதக்காதி இரண்டு பேரின் நெருக்கம். விஜய ரகுநாத பெரியதம்பி மரைக்காயர் என்ற சீதக்காதியின் பட்டத்திலேயே சேதுபதியின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள். நெல், மிளகு, துணி என்று கப்பல் வியாபாரம் அவர் பார்த்தார். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாட ஊக்கம் தந்தவரும் அவர்தான்.

சான்று வேண்டுமென்றால் உங்கள் ஊர் ஜும்மா பள்ளிவாசலுக்குப் போங்கள். கல் தூணும், அதன் தலைப்பில் வரும் போதிகையும், கொடிக்கருக்கு வேலையும் கோயில் தச்சர்களின் கைதான், உருவம் மட்டும் இருக்காது. ராமேஸ்வரம் பிரகாரத்தைப் பார்த்த கண்ணோடு அங்கே நின்றால் விளக்கமே தேவைப்படாது.

கேள்வி (தொண்டி வாசகர்): கிழவன் சேதுபதியை இவ்வளவு புகழ்கிறீர்கள். ஓரியூரில் அருளானந்தரை வெட்டச் சொன்னதும் அவர்தானே?

அவர்தான். மறைக்க ஒன்றுமில்லை. போர்த்துக்கல்லில் லிஸ்பனில் பிறந்த பாதிரியார் ஜான் டி பிரிட்டோதான் அருளானந்தர், அவரை 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டிக் கொன்றார்கள். தடியத் தேவர் என்ற அரச குடும்பத்தவர் கிறிஸ்தவரானதும், ஒரே மனைவிதான் என்று மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதிக்கு உறவு. மதத்தோடு குடும்ப விவகாரமும் அரியணைப் போட்டியும் கலந்த வழக்கு அது. 1947-ல் அருளானந்தருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். ஓரியூரின் செம்மண்ணை எல்லா மதத்துக்காரர்களும் எடுத்துப் போகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1710-ல் கிழவன் இறந்தபோது 47 மனைவியர் உடன்கட்டை ஏறியதாக யேசு சபைப் பாதிரியார் ஒருவரின் கடிதம் சொல்கிறது. சீதக்காதியின் நண்பர், நல்ல நிர்வாகி, கொடூரமானவர், மூன்றும் ஒரே ஆள்தான்.

கேள்வி (திருவாடானை வாசகர்): ராமேஸ்வரம் பெரிய பிரகாரம் ஆயிரம் வருஷப் பழமை என்று கூட்டிப் போனவர் சொன்னார்.

இல்லை. 1,212 தூண்கள் கொண்ட மூன்றாம் பிரகாரம் முழுமையானது 18ஆம் நூற்றாண்டில்தான், முத்துராமலிங்க சேதுபதி காலத்தில். நாம் மேலே பார்த்த அதே சிறைப் பையன்தான். சேதுபதி சிலைகளும் அவர்களுடைய அமைச்சர்களான பிரதானிகளின் சிலைகளும் கோயிலுக்குள்ளேயே இருக்கின்றன. கோயில் பழையது, அது வேறு. 12ஆம் நூற்றாண்டுக் கடைசியில் ஆண்ட இலங்கை மன்னன் நிசங்க மல்லன், ராமேஸ்வரத்தில் கோயில் எழுப்பியதைத் தன் கல்வெட்டில் சொல்லியிருக்கிறான்.

கேள்வி (மண்டபம் வாசகர்): கடற்கரையில் ‘சேது’ என்று எழுதிய செப்புக்காசு கிடைத்தது, மறுபக்கம் ஆள் உருவம். சேதுபதி காசுதானே? நல்ல விலை போகுமா?

அவசரப்படாதீர்கள். காளையும் ‘சேது’ என்ற எழுத்தும் உள்ள காசுகள் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்டவை என்பதே நாணயம் படித்தவர்கள் பெரும்பாலும் சொல்வது. கடலுக்கு அந்தப் பக்கத்து அரசரும் தன்னைச் சேதுவோடு சேர்த்துக்கொண்டார். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள், எழுத்தும் சேர்ந்து போய்விடும். பூமியில் புதைந்து கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ல் போட்ட புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. விலையை மறந்துவிட்டு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

கேள்வி (பனைக்குளம் வாசகர்): பக்கத்து அழகன்குளம் பாண்டியர் தலைநகரா?

தலைநகர் இல்லை, துறைமுகம். வைகை கடலில் சேரும் இடம். 1980களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் ரோமானியக் காசுகளும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. சங்கப் பாட்டில் வரும் மருங்கூர்ப்பட்டினம் இதுதான் என்போர் உண்டு. சேதுபதிகளுக்கு ஆயிரத்து ஐந்நூறு வருஷம் முன்பே இந்தக் கரையில் கப்பல் நின்றது என்பது மட்டும் உறுதி.

கேள்வி (சென்னையிலிருந்து, சொந்த ஊர் முதுகுளத்தூர்): ஜமீன் ஆன பிறகு சொல்லும்படி ஒன்றும் இல்லையா?

இருக்கிறது. பாஸ்கர சேதுபதிதான் விவேகானந்தர் சிகாகோ போகத் தூண்டுகோலாக இருந்தவர். 1897 ஜனவரி 26 அன்று இலங்கையிலிருந்து பாம்பன் குந்துகாலில் வந்து இறங்கியவரைத் தானே எதிர்கொண்டார், வண்டியைக் குதிரைக்குப் பதில் ஆட்களோடு சேர்ந்து இழுத்தார். அதே குடும்பத்துப் பாண்டித்துரைத் தேவர் 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை எழுப்பினார். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்தது, மறு ஆண்டு அரசு சீமையை எடுத்துக்கொண்டது. கடைசியாகப் பட்டத்தில் இருந்த சண்முக ராஜேஸ்வர சேதுபதி 1952-ல் தேர்தலில் நின்று ஜெயித்து ராஜாஜி அமைச்சரவையில் உட்கார்ந்தார்.