பழைய கொலுசு என்ன விலை பெறும்?

கேள்வி: பாட்டியின் கொலுசு 200 கிராம். சிங்கப்பூர்த் தேக்காவில் விற்குமுன் மதிப்பைத் தெரிந்துகொள்வது எப்படி?

பதில்: முதலில் கொக்கியருகே 925 முத்திரை இருக்கிறதா பாருங்கள்; அது 92.5 சதவீத வெள்ளி. பழைய ஊர்க் கொலுசில் பெரும்பாலும் முத்திரை இராது. கடையில் உரசியோ கருவியில் வைத்தோ தரம் பார்க்கச் சொல்லுங்கள். காந்தத்தை நம்பாதீர்கள், வெள்ளியைப் போலவே செம்பும் அதில் ஒட்டாது.

வெள்ளியின் உலகச் சந்தை விலை டிராய் அவுன்ஸுக்கு, அதாவது 31.1 கிராமுக்கு. அதைச் சிங்கப்பூர் டாலருக்கு மாற்றி 31.1ஆல் வகுத்தால் கிராம் விலை. தரம் 80 சதவீதமானால் 160 கிராமுக்கே பணம். அதிலும் உருக்கும்போது ஏற்படும் கழிவு போகும். கல், அரக்கு எடையில் சேராது. கொடுத்த செய்கூலியை மறந்துவிடுங்கள். இரண்டு மூன்று கடைகளில் கேளுங்கள், தராசு உங்கள் கண்முன் இருக்கட்டும்.