ராமநாதபுரம் பக்கம் கொல்லையில காய் போடுறவங்க கேட்டதும் நான் சொன்னதும்

பரமக்குடி பக்கம் பன்னெண்டு வருஷமா கொல்லையில காய் போடுறேன். தண்ணி சவர், வெயில் பத்தி சொல்லவே வேணாம். கேட்டவங்களுக்கு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

அண்ணே, புது வீடு, பின்னாடி ரெண்டு சென்ட் சும்மா கிடக்கு. மாசி முடியப்போகுது, இப்பவே நாத்து வாங்கி நட்டுறலாமா?

வேணாம் தம்பி. நான் முதல் வருஷம் பங்குனியில 40 தக்காளி நாத்து நட்டேன், சித்திரை முடியுறதுக்குள்ள ஒண்ணு கூட மிஞ்சல, குடம் தூக்கி இடுப்பு போனதுதான் மிச்சம். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லுவாங்க, நம்ம பக்கம் ஆடியில வர்றது காத்துதான், மழை இல்ல. வருஷ மழை 800 மில்லிமீட்டர் சுத்தி, அதுல பாதிக்கு மேல ஐப்பசியில இருந்து மார்கழிக்குள்ள கொட்டிட்டுப் போயிரும். அதனால நான் ஆவணியில கத்தரி, மிளகாய் நாத்து விட்டு, முப்பது முப்பத்தஞ்சு நாள்ல எடுத்து புரட்டாசியில நடுறேன், வெண்டை கொத்தவரைக்கு நாத்தெல்லாம் வேணாம், நேரா விதைதான். இப்ப கையில இருக்குற நேரத்துல ஆட்டுப்புழுக்கை சேத்து வைங்க, கிடை போடுறவங்ககிட்ட சொன்னா மூட்டை மூட்டையா கிடைக்கும். பாத்தியை மேடு கட்டாதீங்க, வீடியோவுல பாத்துட்டு எல்லாரும் மேட்டுப்பாத்தி போடுறாங்க, அது மழை ஊருக்கு. நமக்கு அரை அடி பள்ளமா இருந்தாத்தான் ஊத்துன தண்ணி அங்கயே நிக்கும், கார்த்திகையில ரொம்பத் தேங்குச்சுன்னா ஒரு மூலையை வெட்டி விட்டுருங்க.

போர் தண்ணி உப்பு அண்ணா. கத்தரி இலை ஓரமெல்லாம் கருகுது, உரம் பத்தலையா?

உரம் இல்ல தங்கச்சி, உப்புதான். நீங்க தினம் கொஞ்சமா தெளிக்கிறீங்கன்னு நினைக்கிறேன், தண்ணி ஆவியாகிப் போக உப்பு மேல் மண்ணுலயே தங்கிரும். ரெண்டு மூணு நாளைக்கு ஒருதடவை ஊத்துனாலும் வேர் வரைக்கும் இறங்குற மாதிரி ஊத்துங்க, சாயங்காலமா, இலை மேல படாம. பீன்ஸ், கேரட், வெங்காயமெல்லாம் இந்தத் தண்ணிக்கு சீக்கிரம் படுத்துரும், ஆசைப்படாதீங்க. கொத்தவரை, தட்டைப்பயறு, தண்டுக்கீரை ஓரளவு தாங்கும். மொட்டை மாடி மழைத்தண்ணியை ஒரு தொட்டியில பிடிச்சு வச்சு நாத்துக்கு மட்டுமாவது அதை ஊத்துங்க. ஆர்ஓ மெஷின்ல கழியிற தண்ணி வேணாம், அதுல உப்பு இன்னும் கூடத்தான் இருக்கும்.

மண்பானை புதைச்சு தண்ணி விடுறாங்களே, உண்மையிலேயே வேலை செய்யுமா?

செய்யும், அதுவும் சுரை, பாகலுக்கு ரொம்ப நல்லா. பெயிண்ட் அடிக்காத பானையா பாருங்க, அஞ்சு லிட்டர் போதும், கழுத்து மட்டும் வெளிய தெரிய புதைச்சு, சுத்தி அரை அடி தள்ளி நாலு விதை. மூடி கட்டாயம், இல்லன்னா கொசு வளப்பீங்க. ஆனா நம்ம தண்ணிக்கு ஒரு சீசன் போனா பானைச் சுவர்ல உப்பு ஏறி கசியுறது நின்னுரும், எடுத்து நல்லாத் தேச்சுக் கழுவுங்க, அப்பவும் கசியலன்னா புதுசுதான்.

வாஷிங் மெஷின் தண்ணி?

கீரைக்கும் காய்க்கும் வேணாம். அரிசி களைஞ்ச தண்ணி, காய் கழுவுன தண்ணி தாராளமா ஊத்துங்க.

செடியைச் சுத்தி மண்ணு மேல காய்ஞ்ச சருகு பரப்பி மூடாக்கு போட்டேன், கரையான் வந்துருச்சு அண்ணே. எடுத்துறவா?

எடுக்காதீங்க! கரையானுக்கு காய்ஞ்ச சருகு கிடைக்குற வரைக்கும் பச்சைத் தண்டுக்கு பெரும்பாலும் போகாது. தண்டுல இருந்து நாலு விரல் தள்ளி போடுங்க, அடியில ஈரம் இருக்கட்டும். மூடாக்கு இல்லாம சித்திரை வெயில்ல மண்ணு அடுப்பு மாதிரி கிடக்கும், கரையானுக்குப் பயந்து செடியை வேக விடணுமா என்ன.

வெண்டை இலையில நரம்பு மட்டும் மஞ்சளாகுது, வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

அந்தச் செடி தேறாது, வைரஸ். பிடுங்கி எரிச்சுருங்க. பரப்புறது வெள்ளை ஈ, மத்த செடிங்களுக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப் கரைசல் சேத்து சாயங்காலம் அடிங்க, இலைக்கு அடிப்பக்கம் நனையணும். மஞ்சள் அட்டையில விளக்கெண்ணெய் தடவி தொங்க விட்டா கொஞ்சம் ஒட்டும்.

முருங்கை வைக்கலாமா? ஆச்சி வீட்டுகிட்ட வேணாங்குறாங்க.

ஆச்சி சொல்றது சரிதான், காத்தடிச்சா கிளை படக்குன்னு முறியும், மழைக்காலத்துல கம்பளிப்பூச்சி சுவரேறி உள்ள வந்துரும். மேக்கு மூலையில தள்ளி வைங்க, அந்தப் பக்கத்து வெயிலையும் மறைச்சுக்கும். விதைன்னா பெரியகுளம் பிகேஎம் 1 ரகம், ஆறேழு மாசத்துல காய் வரும். மூணடி வளந்ததும் கொழுந்தைக் கிள்ளி விடுங்க, இல்லன்னா காய் பறிக்க ஏணிதான் தேடணும்.