புரோகிரசிவ் ராக் இசையில் உண்மையிலேயே துணிந்து செய்த சோதனை ஆல்பங்கள் எவை?

கேள்வியில் "துணிந்து" என்ற சொல் இருப்பதால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். சிறந்த ஆல்பங்கள் எவை என்று மட்டும் கேட்டிருந்தால், பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' தொடங்கி எல்லோரிடமும் ஒரு வரிசை இருக்கிறது. நானும் அதையே சொல்லியிருப்பேன். துணிச்சல் என்று வந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. இருபது நிமிடப் பாட்டு, நிமிடத்துக்கொரு தாள மாற்றம், கீபோர்டில் பறக்கும் விரல்கள் இவையெல்லாம் புரோகிரசிவ் ராக்கின் வழக்கமான அடையாளங்கள், சாதகம் செய்தால் வந்துவிடும். ஸ்டூடியோவுக்குள் நுழையும்போது வெளியே என்ன வரப்போகிறது என்று வாசிப்பவர்களுக்கே தெரியாமல் இருந்ததா, அதற்காகக் கையில் இருந்த எதையாவது விட்டுக்கொடுத்தார்களா? நான் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

அப்படிப் பார்த்தால் எனக்கு முதலில் நிற்பது கிங் கிரிம்சன் குழுவின் 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்'. 1973 மார்ச்சில் வந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப், பழைய குழு கலைந்துபோன பிறகு முற்றிலும் புதிய ஆட்களைச் சேர்த்தார். பேஸ் கிட்டாருக்கும் பாட்டுக்கும் ஜான் வெட்டன், வயலினுக்கு டேவிட் கிராஸ். டிரம்ஸுக்கு வந்தவர் பில் புரூஃபோர்ட். அவர் யெஸ் குழுவில் இருந்தவர். 'குளோஸ் டு தி எட்ஜ்' ஒலிப்பதிவு முடிந்த கையோடு, அந்தக் குழு உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், விலகி வந்தார். ஐந்தாவது ஆள் ஜேமி மியூர். முன்பே எழுதி வைக்காமல் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கும் லண்டனின் தன்னிச்சை இசை வட்டத்திலிருந்து வந்த தாளக் கலைஞர். சங்கிலி, உலோகத் தகடு, பறவை ஒலி எழுப்பும் ஊதல், காய்ந்த இலை என்று கையில் கிடைத்ததெல்லாம் அவருக்கு வாத்தியம். ஒரே குழுவில் இரண்டு தாளக்காரர்கள்: ஒருவர் கடிகாரம் போல, இன்னொருவர் எப்போது எதைத் தட்டுவார் என்று பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது.

நான் இதை முதலில் கேட்டது கல்லூரி விடுதியில், விளக்கை அணைத்த பிறகு, ஹெட்போனில். முதல் சில நிமிடங்கள் கட்டைவிரலால் மீட்டும் சின்ன ஆப்பிரிக்க வாத்தியத்தின் மெல்லிய மணியொலி மட்டும்தான். மிக மெதுவாக இருந்ததால் ஒலியைக் கூட்டினேன். பிறகு வயலின், ஒரே இடத்தில் நின்று பதறுவது போல, இழுத்து இழுத்து வந்தது. அதற்கும் இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அப்புறம் கிட்டார் விழுந்தது. "ஆரம்பித்தது" என்று சொல்ல முடியவில்லை. கூரையிலிருந்து ஏதோ சரிந்து விழுந்தது போலத்தான் இருந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு இருட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

ஆல்பத்தின் பெயர் மியூர் சொன்னது. இந்த இசை எப்படி இருக்கிறது என்று கேட்டபோது அவர் வாயில் வந்த சொற்கள். ஆஸ்பிக் என்பது இறைச்சிச் சாற்றில் செய்யும் ஜெல்லி போன்ற பண்டம். அதற்குள் பதிந்து கிடக்கும் வானம்பாடிகளின் நாக்குகள். ஒடிந்துவிடும் போன்ற வயலினையும் அதைச் சுற்றிக் கனத்து நிற்கும் கிட்டாரையும் கேட்டவருக்கு அந்தப் பெயருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

கடைசிப் பாட்டான 'பார்ட் டூ'வை மிருதங்கம் தெரிந்த என் பெரியப்பாவுக்கு ஒருமுறை போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தட்டிப் பார்த்தார். "பத்து வருது. ஆனா கண்ட சாபுவ ரெண்டு தரம் போட்ட மாதிரி அஞ்சஞ்சா பிரியல பாரு" என்றார். இன்னொரு முறை கேட்டுவிட்டு, "தகிட தகிட தக தக" என்று சொல்லிக்கொண்டே கையைப் போட்டார். மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. அந்த முரட்டுக் கிட்டாரின் எலும்புக்கூடு அதுதான். நான் வருடக்கணக்கில் கேட்டும் பிடிபடாத கணக்கு அந்தச் சொற்கட்டில் ஒரு நொடியில் பிடிபட்டது. ராக் இசையின் வழக்கத்துக்கு மாறான தாளங்களைக் கண்டு மிரள்கிறவர்களுக்கு என் யோசனையும் இதுதான்: மேற்கத்திய எண்ணிக்கையை விட்டுவிட்டு வாயால் ஜதி சொல்லிப் பாருங்கள்.

ஆல்பம் கடைக்கு வருவதற்கு முன்பே மியூர் குழுவை விட்டுப் போய்விட்டார். ஸ்காட்லாந்தில் ஒரு பௌத்த மடத்துக்குப் போனார்.

மீதி நால்வரும் அடுத்து செய்தது எனக்கு இன்னும் பெரிய துணிச்சலாகத் தெரிகிறது. 1974இல் வந்த 'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்' ஸ்டூடியோ ஆல்பம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அதில் பெரும்பகுதி மேடையில் பதிந்தது. பல பகுதிகள் 1973 நவம்பரில் ஆம்ஸ்டர்டாம் கச்சேரியில் அந்த நிமிடமே தோன்றியவை. கைதட்டலையும் கூட்டத்தின் சத்தத்தையும் நீக்கிவிட்டு அப்படியே வெளியிட்டார்கள். அதில் 'டிரியோ' என்று ஒரு பகுதி. வயலின், பேஸ், புல்லாங்குழல் ஒலியில் மெல்லோட்ரான் என்ற கீபோர்டு, மூன்றும் மெல்ல ஒன்றையொன்று தேடுகின்றன. புரூஃபோர்ட் குச்சிகளை மார்பின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டு கடைசிவரை ஒரு தட்டுகூடத் தட்டாமல் உட்கார்ந்திருந்தார். அவர் தட்டாமல் இருந்ததும் அந்த இசைக்குக் கொடுத்த பங்கு என்று மற்றவர்கள் கருதியதால், இயற்றியவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது. நான்கு பேரில் மூன்று பேர் வாசித்த பாட்டுக்கு நான்கு பேர் சொந்தக்காரர்கள். இதைப் படித்த பிறகு அந்தப் பாட்டைக் கேட்டால் வராத டிரம்ஸும் காதில் விழுகிறது.

மியூரிடமிருந்து இன்னொரு கிளையும் பிரிகிறது. 1973 மார்ச்சில் புரூஃபோர்டின் திருமண விருந்தில் யெஸ் பாடகர் ஜான் ஆண்டர்சனைச் சந்தித்த மியூர், பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையைப் பற்றி அவரிடம் பேசினார். ஆண்டர்சன் அதை வாங்கிப் படித்தார். சாஸ்திரங்களின் நான்கு வகைகளைச் சொல்லும் அடிக்குறிப்பு ஒன்றில் நின்றார். சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம். நான்குக்கும் ஆளுக்கொரு பாட்டு, ஒவ்வொன்றும் இசைத்தட்டின் ஒரு முழுப் பக்கம்: அதுதான் 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்'. எண்பது நிமிடம். நேர்மையாகச் சொன்னால் இடையில் தொய்கிறது. இரண்டாம் பக்கத்தில் பல நிமிடங்கள் எதற்கோ காத்திருப்பது போலவே போகின்றன. கீபோர்டு வாசித்த ரிக் வேக்மனுக்கே பிடிக்கவில்லை, அடுத்த ஆண்டு விலகிவிட்டார். ஆனாலும் மூன்றாம் பக்கம் 'தி ஏன்ஷியன்ட்' இருக்கிறதே, ஸ்டீவ் ஹவ்வின் கிட்டார் அங்கே யெஸ் அதுவரை போகாத கரடுமுரடான இடத்துக்குப் போகிறது. இந்த ஆல்பத்தைக் கேலி செய்வது அந்தக் காலத்திலிருந்தே வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. புகழின் உச்சியில் இருந்த ஒரு குழு, விற்குமா என்று பார்க்காமல் ஒரு அடிக்குறிப்பின் பின்னால் போனது. அதற்காகவே அதை மதிக்கிறேன்.

கைவிடப்பட்ட சோதனை ஒன்றையும் சொல்லத் தோன்றுகிறது. 'டார்க் சைட்' அவ்வளவு விற்ற பிறகு, பிங்க் ஃப்ளாய்ட் 1973 கடைசியில் வாத்தியமே இல்லாமல் வீட்டுப் பொருட்களை மட்டும் வைத்து ஒரு ஆல்பம் செய்ய முயன்றது. ரப்பர் பேண்டை இழுத்துக்கட்டி பேஸ் கிட்டார் போல மீட்டினார்கள். ஒயின் கிளாஸில் தண்ணீர் ஊற்றி விளிம்பைத் தேய்த்தார்கள். வாரக்கணக்கில் உழைத்தும் இரண்டு மூன்று துண்டுகளைத் தாண்டவில்லை, விட்டுவிட்டார்கள். அந்தக் கண்ணாடி ரீங்காரம் மட்டும் வீண்போகவில்லை. 1975இல் வந்த 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' தொடக்கத்தில், கிட்டார் வருவதற்கு முன் மெல்லப் பரவும் ஒலிக்குள் அது இருக்கிறது. பலமுறை கேட்டவர்களும் ஹெட்போனில் ஒருமுறை அதற்காகவே கேளுங்கள்.

பிரான்ஸின் மாக்மா குழு தனி உலகம். டிரம்ஸ் வாசிக்கும் கிறிஸ்டியான் வாண்டேர், ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனின் தீவிர பக்தர். பூமியை விட்டு வேறொரு கிரகத்துக்குக் குடியேறியவர்களின் கதை ஒன்றை எழுதினார். அந்தக் கிரகத்துக்குக் கொபாயா என்று பெயர் வைத்தார். அதற்கு ஒரு மொழியையும் உண்டாக்கினார். 1973இல் வந்த 'மெகானிக் டெஸ்ட்ரூக்டிவ் கொமாண்டோ' முழுக்க அந்த மொழியில்தான். பாடகர் குழு ஒரே சொற்றொடரை உருவேற்றுவது போலச் சொல்லிக்கொண்டே போகும். ஒவ்வொரு சுற்றிலும் பியானோவும் பித்தளை ஊதுகருவிகளும் ஒரு படி ஏறும். பதினைந்து நிமிடம் தாண்டும்போது மொழி புரியாதது ஒரு பொருட்டாகவே இருக்காது. யாருக்குமே தாய்மொழியாக இல்லாத மொழி என்பதால் எல்லாக் கேட்பவர்களும் அங்கே சமம். ஜப்பானின் ரூயின்ஸ் குழு வரை இதன் வாரிசுகள் இருக்கிறார்கள்.

வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் குழுவின் 'பான் ஹார்ட்ஸ்' (1971) பற்றி ஒரு சொல். அதன் இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு, கலங்கரை விளக்கக் காவலாளி ஒருவனின் தனிமை. பல துண்டுகளாகப் பதிந்து பிறகு ஒட்டியது. டேவிட் ஜாக்சன் இரண்டு சாக்ஸபோன்களை ஒரே நேரத்தில் வாயில் வைத்து ஊதுவார்; கிட்டாருக்குப் பதில் இங்கே அந்த ஓலம்தான். இங்கிலாந்தில் பெரிதாக எடுபடாத இந்த ஆல்பம் இத்தாலியில் முதலிடத்துக்குப் போனது. அதே இத்தாலியில்தான் ஆரேயா குழுவின் டெமெட்ரியோ ஸ்ட்ராட்டோஸ், தொண்டையை ஒரு வாத்தியமாகவே எடுத்துக்கொண்டு, ஒரே மூச்சில் இரண்டு சுரங்களை எழுப்பும் அளவுக்குப் போனார். 1979இல் மறைந்தார்.

ஜெர்மனியின் ஃபௌஸ்ட், இங்கிலாந்தின் ஹென்றி கௌ ஆகிய இரண்டு குழுக்களையும் விட்டுவிட்டேன் என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 'தி ஃபௌஸ்ட் டேப்ஸ்' 1973இல் ஒரு சிங்கிள் தட்டின் விலைக்கு, 49 பென்ஸுக்கு, விற்கப்பட்டது. ஒட்டுத்துணி போல வெட்டி ஒட்டிய ஒலிகள் எத்தனையோ வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்தன. ஹென்றி கௌவின் 'அன்ரெஸ்ட்' எனக்கு இன்னும் முழுதாக வசப்படவில்லை. வருடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கேட்கிறேன்.

கடைசியாக, மனதுக்கு மிக நெருங்கியது. ராபர்ட் வயாட்டின் 'ராக் பாட்டம்'.

வயாட், சாஃப்ட் மெஷின் குழுவின் டிரம்மராக இருந்தவர். 1973 ஜூன் 1ஆம் தேதி லண்டனில் ஒரு விருந்தில் மாடி ஜன்னலிலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. டிரம்ஸில் பேஸ் டிரம்மையும் ஹை-ஹேட் என்ற ஜோடித் தாளத்தையும் இயக்க இரண்டு கால்களும் வேண்டும். மாதக்கணக்கில் மருத்துவமனையில் இருந்துவிட்டு, விபத்துக்கு முன் வெனிஸில் இருந்தபோதே தொடங்கியிருந்த பாட்டுகளை எடுத்து முடித்தார். சோதனை செய்வோம் என்று முடிவெடுத்துச் செய்ததல்ல இது. பழைய வழி அடைபட்டதால் ஒவ்வொரு ஒலியையும் புதிதாகத் தேட வேண்டியிருந்தது. விலை மலிவான சின்ன கீபோர்டு ஒன்று. சில பாட்டுகளைப் பதிந்த பண்ணை வீட்டிலிருந்த ஒயின் கிளாஸும் தட்டும்கூட வாத்தியப் பட்டியலில் இருக்கின்றன. தயாரிப்பு, பிங்க் ஃப்ளாய்டின் நிக் மேசன்.

'அலிஃபிப்' என்ற பாட்டைக் கேளுங்கள். தாளத்துக்கு டிரம்ஸ் இல்லை. மூச்சு இருக்கிறது. வயாட்டின் துணைவி ஆல்ஃபி. அவர் பெயரைச் சிதைத்த ஒரு கிசுகிசுப்பு, உள்ளிழுக்கும் மூச்சும் வெளிவிடும் மூச்சுமாக, பாட்டு முழுக்க அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே பேஸ் கிட்டார் தனியாகப் பாடிக்கொண்டு போகும். கொஞ்ச நேரம் கழித்து உங்கள் மூச்சும் அந்தக் கணக்குக்கு வந்திருப்பதைக் கவனிப்பீர்கள். அடுத்த பாட்டில் சொற்கள் உடைந்து குழந்தைப் பேச்சாகிவிடுகின்றன. அந்தக் குழறலுக்குக் கடைசியில் ஆல்ஃபியே தன் குரலில் பதில் சொல்கிறார், செல்லமாகக் கண்டிப்பது போல. 1974 ஜூலை 26 அன்று ஆல்பம் வெளியானது. அன்றுதான் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

கேட்டவருக்கு வரிசை வேண்டுமானால் இப்படிப் போகலாம். முதலில் 'ராக் பாட்டம்', அதன் முதல் பாட்டு 'சீ சாங்' போதும், மீதியை அதுவே இழுத்துக்கொண்டு போகும். பிறகு 'லார்க்ஸ் டங்ஸ்', இரவில், ஒலியை ரொம்பக் கூட்டாமல். அப்புறம் மாக்மா, இடையில் நிறுத்தாமல் முழுதாக. யெஸ்ஸின் நான்கு பக்கங்களையும் ஒரே நாளில் கேட்க வேண்டாம். முதலில் மூன்றாம் பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்து எப்படி இருந்தது என்று கீழே எழுதுங்கள்.