பக்கத்து வகுப்பில் போய் உட்காருங்கள்: கணித, அறிவியல் ஆசிரியர்களுக்கான கேள்வி பதில்

எங்கள் வட்டாரத்தில் கணித, அறிவியல் ஆசிரியர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். ஒருவர் வகுப்பை மற்றவர் பார்ப்பது, பிள்ளைகளின் நோட்டுகளை நடுவில் வைத்துப் பேசுவது, இவ்வளவுதான் வேலை. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பதவி உயர்வு, மாறுதல் கலந்தாய்வு பற்றிய கேள்விகளை எடுக்கவில்லை. சங்கப் பொறுப்பாளர்களைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

குறுவள மையப் பயிற்சிக்கே (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களைச் சேர்த்து அரசு நடத்தும் பயிற்சி) போய்க்கொண்டுதான் இருக்கிறோம் மேடம். இது தனியாக எதற்கு? (நடுநிலைப் பள்ளி கணித ஆசிரியை)

பயிற்சிக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே பேச்சு பாடத்திலிருந்து தொடங்கும், எங்கள் கூட்டத்தில் ஒரு பிள்ளை எழுதிய விடையிலிருந்து தொடங்கும். வித்தியாசம் அதுதான்.

ஓர் உதாரணம். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று 0.8, 0.35, 0.125 என்று எழுதி, இதுதான் ஏறுவரிசை என்று கோடு போட்டு முடித்திருந்தது. ஆசிரியர் சிவப்பு மையில் அடித்திருந்தார். நாம் எல்லோரும் செய்வதுதான். கூட்டத்தில் அந்த நோட்டை வைத்துக்கொண்டு, இந்தப் பிள்ளை என்ன நினைத்து இப்படி எழுதியது என்று பேசினோம். 8, 35, 125 என்று முழு எண்களாகப் படித்திருக்கிறது. அதன் கணக்கில் வரிசை சரிதான்.

அப்போது இன்னொரு ஆசிரியர், தன் வகுப்பில் நேர் எதிராகச் செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். பத்தில் ஒன்றைவிட நூறில் ஒன்று சிறியது, அதனால் புள்ளிக்குப் பின்னால் இலக்கம் கூடினாலே எண் சிறியது என்பது அவர்கள் நினைப்பு. இப்போது கவனியுங்கள். 0.35, 0.8 இரண்டில் எது பெரியது என்று கேட்டால், முதல் வகைப் பிள்ளை தப்பாகச் சொல்லும், இரண்டாம் வகை 0.8 என்று சரியாகச் சொல்லிவிடும். 0.73, 0.4 கொடுத்தால் அப்படியே தலைகீழ். முதல் வகை சரி, இரண்டாவது தப்பு. வினாத்தாளில் ஏதாவது ஒரு சோடியை மட்டும் கொடுத்திருந்தால், புரியாத பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நாமே முழு மதிப்பெண் போட்டிருப்போம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்தான் யார் எப்படி யோசிக்கிறார்கள் என்று தெரியும்.

அப்புறம் இதைச் சரிசெய்வது எப்படி என்று பேச்சு போனது. ரூபாய் காசு வைத்துச் சொல்லலாம் என்றார் ஒருவர். 80 காசு, 35 காசு என்று சொல்லும்வரை நன்றாகப் போகும், 0.125 வந்ததும் நின்றுவிடும் என்றார் இன்னொருவர். கடைசியில் வகுப்பறைத் தரையில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சாக்பீஸ் கோடு போட்டு, 80 செ.மீ., 35 செ.மீ., 12 செ.மீ. 5 மி.மீ. என்று குறிக்க வைப்பது என்று முடிவானது. இந்தப் பேச்சுக்கு வெளியிலிருந்து ஒரு வல்லுநரும் வர வேண்டியிருக்கவில்லை. தேவைப்பட்டதெல்லாம் அந்த நோட்டும், ஒரே பாடத்தை வெவ்வேறு பிள்ளைகளுக்கு நடத்தும் நான்கைந்து பேரும்தான்.

வகுப்பைப் பார்வையிடப் படிவம் ஏதும் இருந்தால் பகிரவும். (பட்டதாரி ஆசிரியர், அறிவியல்)

படிவம் வேண்டாம். வெள்ளைத்தாள் போதும்.

கடைசி பெஞ்சில் உட்காராதீர்கள், அங்கிருந்து முதுகுதான் தெரியும். பக்கவாட்டில், பிள்ளைகளின் முகமும் நோட்டும் தெரிகிற மாதிரி உட்காருங்கள். மூன்று பிள்ளைகளை மட்டும் தேர்ந்துகொண்டு, அந்தப் பாடவேளை முழுக்க அவர்கள் என்ன சொன்னார்கள், என்ன எழுதினார்கள், எதை அழித்தார்கள் என்று அப்படியே குறித்துவையுங்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கை பரபரக்கும். கூடாது. நீங்கள் உதவிவிட்டால் அந்தப் பிள்ளை எங்கே தடுமாறியது என்பது போய்விடும்.

முக்கியமாக, ஆசிரியருக்கு மதிப்பெண் போடாதீர்கள். ‘குரல் வளம்: நன்று, கரும்பலகைப் பயன்பாடு: சுமார்’ என்று ஒரு வரி எழுதினாலும் அது ஆய்வு ஆகிவிடும். ஆய்வுக்கு அதிகாரிகள் இருக்கிறார்கள். நாம் போவது பிள்ளைகளைப் பார்க்க.

அடுத்த பள்ளிக்குப் போக ஓ.டி. (வெளியே போனாலும் பணியில் இருப்பதாகக் கணக்கிடும் அனுமதி) கிடைக்குமா?

அது வட்டாரக் கல்வி அலுவலர் சொல்ல வேண்டியது. கேட்டுப் பாருங்கள். கிடைக்கும்வரை உங்கள் பள்ளிக்குள்ளேயே, ஓய்வுப் பாடவேளையில் பக்கத்து வகுப்பிலிருந்து தொடங்கலாம்.

இது ஜப்பானிலிருந்து இறக்குமதி செய்த முறைதானே? நம் ஊருக்கு ஒத்துவருமா? (முதுகலை ஆசிரியர், இயற்பியல்)

ஜப்பானில் இது 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே, மெய்ஜி காலத்தில் வேர்விட்டது. ஒரே ஒரு பாடத்தைப் பல ஆசிரியர்கள் வாரக்கணக்கில் சேர்ந்து திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனிப்பார்கள், பிறகு உட்கார்ந்து பாடத்தைத் திருத்துவார்கள். 1999க்குப் பிறகு அமெரிக்காவில் பலர் இதைக் கையில் எடுத்தார்கள்.

ஆனால் நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம், மத்தியப் பிரதேசத்தைப் பாருங்கள். ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியா ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் தொடங்கியவை. 1978இல் மாவட்டம் முழுவதுக்கும் போனது. 1982இல் உருவான ஏகலவ்யா நிறுவனம் அதை ஏற்று நடத்தியது. பிள்ளைகள் பரிசோதனை செய்து படிக்க வேண்டும் என்பது அடிப்படை. ஆசிரியர்களுக்கு மாதந்தோறும் கூட்டம் நடந்தது. எந்தப் பரிசோதனை வகுப்பில் வரவில்லை, எந்தக் கேள்வியில் பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள் என்று அங்கே பேசினார்கள், அவர்கள் சொன்னதை வைத்துப் புத்தகம் திருத்தப்பட்டது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் தில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் வந்த விஞ்ஞானிகள் கிராமப் பள்ளி ஆசிரியர்களோடு சமமாக உட்கார்ந்தார்கள். அரசுப் பள்ளிகள், சாதாரண ஆசிரியர்கள், கையிலே கிடைத்த பொருள்கள். 2002இல் மாநில அரசு அதை நிறுத்தியது. முப்பது வருடம் ஓடிய ஒன்றை ஒத்துவராது என்று சொல்ல முடியாது.

சென்னையில் 1965 முதல் இந்தியக் கணித ஆசிரியர்கள் சங்கம் இருக்கிறது, 1980இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் வந்தது. ஆசிரியர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பது நமக்குப் புதிது இல்லை.

ஆசிரியர்களுக்கே தெரியாத விஷயத்தில் கூடிப் பேசி என்ன பயன்? உதாரணமாக, தட்டில் தண்ணீர் ஊற்றி, எரியும் மெழுகுவர்த்தியைக் கண்ணாடி டம்ளரால் மூடினால் தண்ணீர் ஏறுகிறது. ஆக்சிஜன் தீர்ந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது, ஐந்தில் ஒரு பங்கு என்றுதான் நாங்கள் எல்லோரும் நடத்துகிறோம். புதிதாக வந்த ஆசிரியர் தப்பு என்கிறார். யார் சரி? (உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர்)

புதிதாக வந்தவர்தான் சரி.

டம்ளரைக் கவிழ்க்கும்போது சுடரைச் சுற்றியுள்ள காற்று சூடாகி விரிந்திருக்கிறது. கொஞ்சம் காற்று விளிம்பு வழியாகக் குமிழியாக வெளியேறவும் செய்யும். சுடர் அணைந்ததும் உள்ளே மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக் காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஏற்றத்தில் பெரும்பகுதி இதனால்தான்.

கூட்டத்திலேயே செய்து பாருங்கள். தண்ணீர் எப்போது ஏறுகிறது என்று கவனியுங்கள். ஆக்சிஜன் தீர்வதுதான் காரணம் என்றால் எரிய எரிய ஏற வேண்டும், ஆனால் சுடர் அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறும். அடுத்து, அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவர்த்தி வையுங்கள். உள்ளே இருக்கும் ஆக்சிஜன் அதேதான், தண்ணீர் மட்டும் இன்னும் உயரம் போகும்.

ஆனால் ஐந்தில் ஒரு பங்கு சரியாக வருகிறதே மேடம்! (மேற்படி பள்ளியிலிருந்து இன்னொருவர்)

ஒரு மெழுகுவர்த்தி, ஒரு குறிப்பிட்ட டம்ளர் என்றால் வரலாம். டம்ளரை மாற்றுங்கள், மெழுகுவர்த்தியைக் கூட்டுங்கள், வராது. காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. அது 16 விழுக்காட்டுப் பக்கம் இறங்கும்போதே சுடர் அணைந்துவிடும். முக்கால் பங்குக்கு மேல் ஆக்சிஜன் உள்ளேயே இருக்கிறது.

உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்துவிடுகிறது, அதனால்தான் ஏறுகிறது என்று கொள்ளலாமா?

கொள்ள முடியாது. அசையாமல் இருக்கும் தண்ணீரில் அது அவ்வளவு வேகமாகக் கரையாது, நம் கண்ணெதிரே தண்ணீர் சில நொடிகளில் ஏறிவிடுகிறது. கணக்கும் போட்டுப் பாருங்கள். மெழுகில் பல வகை மூலக்கூறுகள் உண்டு, 25 கார்பனும் 52 ஹைட்ரஜனும் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது எரிய 38 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும், 25 கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும். நீராவி குளிர்ந்து நீராகிவிடும். காற்றில் 5 விழுக்காடு ஆக்சிஜன் செலவானால், கன அளவில் நிகரக் குறைவு நூற்றில் இரண்டு பங்குகூட வராது.

இத்தனை வருடமாக நடத்திய பாடத்தை ஒரு ஜூனியர் சொன்னார் என்பதற்காக மாற்றுவதா? பிள்ளைகளைக் குழப்ப வேண்டாம்.

ஐயா, ஜூனியர் சொன்னார் என்பதற்காக மாற்ற வேண்டாம். மூன்று மெழுகுவர்த்தி வைத்துப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். பிள்ளைகள் குழம்ப மாட்டார்கள். ‘ஒன்றுக்கும் மூன்றுக்கும் ஏன் உயரம் மாறியது?’ என்று எட்டாம் வகுப்பில் கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் நில்லுங்கள், அவர்களே சண்டை போட்டு முடிவுக்கு வருவார்கள். காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு என்ற தகவல் அப்படியே நிற்கிறது, தேர்வுக்கு ஒரு பாதகமும் இல்லை. மாறுவது பரிசோதனைக்கான விளக்கம் மட்டும்.

ஐந்தில் ஒரு பங்கைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் இரும்பு இருக்கிறது. சோதனைக்குழாயின் உள்பக்கத்தை நனைத்து, இரும்புத் தூளைத் தூவி ஒட்டவிட்டு, தண்ணீரில் தலைகீழாக நிறுத்துங்கள். ஓரிரு நாளில் துருப் பிடிக்கப் பிடிக்கத் தண்ணீர் ஏறி, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் நிற்கும். இங்கே சூடும் இல்லை, புதிதாக வாயுவும் உண்டாவதில்லை. லேத் பட்டறைத் தூளில் எண்ணெய் இருக்கும், சோப்பு போட்டுக் கழுவி வினிகரில் அலசிக்கொள்ளுங்கள். பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நாரை வைத்துவிட்டு வரவில்லை என்று எழுதாதீர்கள், அது துருப் பிடிக்காது.

கேட்டவருக்கு: கூடிப் பேசி என்ன பயன் என்றீர்கள். ஒருவர் ஒத்துக்கொள்ளாததால்தான் இவ்வளவும் வெளியே வந்தது. ஒருவருக்கும் தெரியாதது இருந்தால் அதற்கென ஒரு பக்கத்தில் எழுதிவைத்து, பக்கத்துக் கல்லூரிப் பேராசிரியரை அடுத்த கூட்டத்துக்கு அழையுங்கள்.

மெழுகுவர்த்தி பற்றி இன்னும் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் மேலே உள்ள நான்கு கேள்விகள்தான். செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பார்வையிடல் படிவத்தின் பிடிஎஃப் அனுப்ப முடியுமா?

படிவம் கிடையாது. மேலே எழுதிவிட்டேன்.

எங்களுடையது சிபிஎஸ்இ பள்ளி. வருடம் 50 மணிநேரப் பயிற்சிக் கணக்கில் இந்தக் கூட்டங்கள் சேருமா?

50 மணிநேரம் என்பது 2020 தேசியக் கல்விக் கொள்கையில் உள்ளது. எதைச் சேர்க்கலாம் என்பதை உங்கள் முதல்வரிடம் கேளுங்கள். சான்றிதழுக்காக மட்டும் ஆள் சேர்க்காதீர்கள். கையெழுத்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் நான்கு பேர் இருந்தால் மற்றவர்களும் நோட்டைத் திறக்க மாட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. மற்றவர்கள் வந்து உட்கார்ந்தால் கை நடுங்குகிறது. (கணித ஆசிரியை)

நடுங்கத்தான் செய்யும் டீச்சர், உங்கள் மேல் தப்பில்லை. பிள்ளைகள் எதிரே தடுமாறுவதைச் சக ஆசிரியர்கள் பார்ப்பது லேசான விஷயம் இல்லை. அதனால்தான் எங்கள் குழுவில் முதலில் கதவைத் திறப்பவர் இருப்பதிலேயே சீனியர். புதியவர்கள் முதலில் பார்க்க மட்டும் வருவார்கள். உங்கள் முறை வரும்போது, பாடத்தைத் தனியாகத் தயாரிக்காதீர்கள், இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து எழுதுங்கள். அப்போது பாடம் சரியாக வராவிட்டால், மூன்று பேரும் எழுதிய பாடம் வரவில்லை என்றுதான் பேச்சு போகும். முடிந்ததும் முதலில் பேச வேண்டியது நீங்கள். நீங்கள் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது.

எங்கள் குழுவில் ஒருவரே பேசிக்கொண்டிருக்கிறார். அனுபவசாலி, தடுக்க முடியவில்லை.

முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தான் கவனித்த பிள்ளை சொன்ன வார்த்தையை மட்டும் படிக்க வேண்டும், கருத்து சொல்லக் கூடாது என்று வையுங்கள். அவரையும் ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைத்துக் குறிப்பு எடுக்கச் சொல்லுங்கள். பல நேரம் இதுவே போதும்.

வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தால் போதாதா?

கூட்டத் தேதி சொல்ல உதவும். நோட்டுப் படம் போட்டால் பிள்ளையின் பெயரை மறைத்துவிட்டுப் போடுங்கள்.

ஆசிரியரை மதிப்பிட ஐந்து புள்ளி அளவுகோல் ஒன்று தயாரித்துள்ளேன், கருத்து கூறவும்.

மதிப்பிடாதீர்கள் என்பதுதான் என் கருத்து. இரண்டாவது முறையாகச் சொல்கிறேன்.

ஜவ்வாது மலையில் இருக்கிறேன். எங்கள் பள்ளியில் கணக்கு எடுப்பது நான் ஒருத்திதான். அடுத்த பள்ளிக்குப் போய்வர ஒரு நாள் ஆகிவிடும். என்ன செய்வது?

வகுப்பைப் பார்க்க முடியாவிட்டாலும் தாள்களைப் பார்க்கலாம். கீழே உள்ள ஒரு பள்ளி ஆசிரியரோடு பேசிவைத்துக்கொண்டு, ஒரே வாரத்தில் இரண்டு பள்ளியிலும் ஒரே கேள்வியைக் கொடுங்கள். முதலில் இதைக் கொடுத்துப் பாருங்கள்: 8 + 4 = ☐ + 5. கட்டத்தில் 12 என்று போடும் பிள்ளைகள் இருப்பார்கள், 17 என்று போடுபவர்களும் இருப்பார்கள். சமக்குறி என்றால் ‘விடை இதோ’ என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், இரண்டு பக்கமும் சமம் என்று அல்ல. இதைச் சரிசெய்யாமல் ஏழாம் வகுப்பில் சமன்பாட்டுக்குப் போனால் எல்லாமே மனப்பாடம் ஆகிவிடும். தாள்களைத் திருத்தாமல் அப்படியே படம் எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள், அன்று மாலை போனில் அரை மணி நேரம் பேசுங்கள். உங்கள் பிள்ளைகளின் தாளை அவர் வாசிக்கட்டும், அவருடையதை நீங்கள் வாசியுங்கள். கீழே துணைக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் எழுதுங்கள், எங்கள் குழுவிலிருந்து ஒருவரைச் சேர்த்துவிடுகிறேன்.